சும்மா தோண்டிய ஊற்று

வறண்ட ஆற்றங்கரையில் சுருளி என்றொரு எறும்புதின்னி இருந்தது. அதற்கு மணலைத் தோண்டுவதென்றால் உயிர்.

எறும்பு தேடித் தோண்டுவதைச் சொல்லவில்லை. அது வயிற்றுப்பாடு, எல்லா எறும்புதின்னியும் செய்கிற வேலை. சுருளியோ வயிறு நிறைந்த பிறகு, பாடமெல்லாம் படித்து முடித்த பிறகு, வெயில் தாழ ஆற்றுக்குள் இறங்கும். மணலைப் பறிக்கத் தொடங்கும். மேல்மணல் சுடும். அடியில் ஈரம் தட்டும். இன்னும் பறித்தால் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் மெல்ல மெல்லச் சுரக்கும். அந்த நேரத்தில் சுருளிக்கு உலகமே மறந்துபோகும். வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரையே பார்த்தபடி நிற்கும். பிறகு வீட்டுக்கு வந்துவிடும். மறுநாள் வேறோர் இடம், வேறோர் ஊற்று.

"இதனால உனக்கு என்னடா லாபம்?" என்று அதன் அம்மா கேட்காத நாளில்லை.

"சும்மாம்மா!" என்று சுருளி சொல்லிவிட்டு ஓடிவிடும்.

ஆற்றுக்கு மேலே, குன்றின் மீது காட்டுக் கல்லூரி இருந்தது. வேர், மூலிகை, மண் எல்லாவற்றையும் பற்றி அங்கே சொல்லித்தருவார்கள். மண்ணுக்கு அடியில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று படிக்கச் சுருளிக்குக் கொள்ளை ஆசை. அதைச் சொல்லித்தர அந்தக் காட்டில் வேறு இடமே கிடையாது. ஆனால் அந்த வருஷம் கல்லூரியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது.

அங்கே பாடத்தில் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. மிளா என்கிற பெரிய மான்தான் கல்லூரித் தலைவி. அதன் முன்னால் போய் நின்று, பாடம் தவிர வேறு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது உண்மைதான் என்பதற்கு ஒரு சாட்சியும் வேண்டும். அந்தக் கல்லூரியின் வழக்கம் அப்படி.

சுருளி மற்றவர்களை நினைத்துப் பார்த்தது. மயில் ஆட்டப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தது. அல்லி என்கிற முயல் ஓட்டக் குழுவுக்கே தலைவி. தான் என்னத்தைச் சொல்வது? யோசனை கேட்க வேலியோரத்து ஓணானிடம் போனது.

"ஓணானே, மணல் தோண்டுறதெல்லாம் கணக்குல வருமா?"

"யாரு தோண்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா தோண்டுறேன்."

"கெட்டுது போ!" என்றது ஓணான். "சும்மாங்கற வார்த்தையை அங்க வாயிலயே எடுக்காதே! அதுக்குப் பேரு பொழுதுபோக்கு. பொழுதைப் போக்குறவனுக்கு யாரு இடம் குடுப்பா? 'ஆற்றுமணல் ஆய்வுக் கழகம்' நடத்துறேன்னு சொல்லு. அதை ஆரம்பிச்சவனும் நீதான், தலைவரும் நீதான்!"

"அப்படி ஒரு கழகமே இல்லையே!"

"சத்தமாச் சொன்னா இருக்கும்!"

"சாட்சிக்கு யாரு வருவா?"

"நான் எதுக்கு இருக்கேன்? நீ என்ன சொன்னாலும் தலையை ஆட்டுறேன். தலையாட்டுறதுல என்னை மிஞ்ச இந்தக் காட்டுல ஆள் உண்டா?"

அது மட்டும் உண்மை. சுருளி அரைமனதோடு ஒத்துக்கொண்டது.

அந்த நாளும் வந்தது. குன்றின் மேல் நாவல் மரத்தடியில் மிளா நின்றிருந்தது. மயிலுக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டே பேர்தான் வந்திருந்தார்கள். முன்னால் சுருளி, பின்னால் முயல் அல்லி.

"வா தம்பி. பாடம் தவிர வேற என்ன செய்வே?" என்று மிளா கேட்டது.

சுருளி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நான் ஆற்றுமணல் ஆய்வுக் கழகத்தின் தலைவர்!" என்றது.

பக்கத்தில் நின்ற ஓணான் பலமாகத் தலையாட்டியது.

"அடேயப்பா! கழகத்துல நிறைய பேரோ?"

ஓணான் தலையாட்டியது.

"இல்ல, இவன் ஒருத்தன்தானா?"

அதற்கும் ஆட்டியது.

மிளாவின் காது விடைத்தது. "ஓணானே, அப்படி ஒரு கழகமே கிடையாது. அப்படித்தானே?"

ஓணான் முன்னைவிட வேகமாக ஆட்டியது. பாவம், அதன் கழுத்துக்கு வேறு வேலை தெரியாது. மரத்தில் இருந்த அணில்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. ஓணான் வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

சுருளிக்கு மானம் போயிற்று. எறும்புதின்னிக்கு வெட்கம் வந்தால் என்ன செய்யும்? தலையை வயிற்றுக்குள் விட்டு, வாலைச் சுற்றி, பந்தாகச் சுருண்டு கிடந்தது.

"என்ன தம்பி? இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடவா?" என்றது மிளா.

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "கழகமெல்லாம் இல்லைம்மா. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. நான் ஆத்துல சும்மா தோண்டுவேன். அவ்வளவுதான்."

"சும்மாவா?"

"சும்மாதான். யாரும் சொல்லல. பரிசும் கிடையாது. தோண்டிக்கிட்டே போனா தண்ணி வரும். அது வர்றதைப் பாக்கறதுக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும். பாத்துட்டு வந்துடுவேன்."

"குழியை மூடிடுவியா?"

"மூட மனசு வராதும்மா. இறங்கி ஏற ஒரு பக்கத்தைச் சரிவா வெட்டியிருப்பேன். அப்படியே விட்டுட்டு வந்துடுவேன்."

"இதுக்காவது சாட்சி உண்டா?"

"இல்லைம்மா. நான் தனியாத்தான் தோண்டுவேன்."

மிளா பெருமூச்சு விட்டது. சாட்சி இல்லாமல் இடம் தரும் வழக்கம் இல்லையே!

பின்னால் நின்ற அல்லியின் காதுகள் இரண்டும் நட்டுக்கொண்டன. "சரிவான ஊத்தா? மருத மரத்துக்குக் கீழ இருக்கே, அதுவா?"

"ஆமா."

"பாறையோரத்துல இருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

 வாயை மூடிக்கொண்டு இருந்தால் இடம் அல்லிக்குத்தான். அது தெரியாத அளவுக்கு அல்லி முட்டாள் இல்லை. ஒருமுறை கல்லூரியை ஏக்கத்தோடு பார்த்தது. பிறகு ஒரே துள்ளலில் முன்னால் வந்தது.

"அம்மா, நான் சாட்சி சொல்றேன்! ஆறு வத்தினதுலேர்ந்து எங்க வளையில குட்டிங்க நாக்கு வறண்டு கிடந்துச்சு. மத்த பள்ளமெல்லாம் செங்குத்து. இறங்கினா ஏற முடியாது. இந்தச் சரிவுல இறங்கித்தான் என் தம்பி தங்கச்சிங்க தண்ணி குடிச்சு உயிர் பிழைச்சாங்க. தோண்டின புண்ணியவான் யாருன்னு தெரியாம, வெறும் மணலைக் கும்பிட்டுட்டு வருவோம். அது இவன்தானாம்மா!"

"அல்லி, இதைச் சொன்னா உனக்கு இடம் போயிடும். தெரியுமா?"

"தெரியும்மா. குடிச்ச தண்ணியைக் குடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

 மிளா பந்தின் அருகில் வந்து தலையைத் தாழ்த்தியது.  "நானும் குடிச்சிருக்கேன் தம்பி. இன்னிக்குக் காலையிலகூடக் குடிச்சுட்டுத்தான் வந்தேன். உனக்கு நன்றி சொல்லணும். முகத்தைக் கொஞ்சம் காட்டேன்!"

பந்து மெல்ல அவிழ்ந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு ஈரமான கண்கள் வந்தன.

"கழகம்னு நீ சொன்னப்போ உன்னை அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். உன் சும்மா போதும் எனக்கு. இடம் உனக்குத்தான்!" என்றது மிளா. பிறகு அல்லியிடம் திரும்பி, "அடுத்த வருஷம் நீ வரணும். உன்னை எதிர்பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றது.

"கட்டாயம் வரேம்மா" என்று சொல்லிவிட்டு அல்லி குன்றிலிருந்து இறங்கிப் போனது. காதுகள் மட்டும் கொஞ்சம் தொங்கியிருந்தன.

சுருளிக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் முழுதாக மனதில் தங்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் செய்தியைச் சொன்னது. சொன்ன கையோடு கிளம்பி அல்லியின் வளைக்குப் போனது. அங்கே மணல் இல்லை, இறுகிய கரை மண். கல்லும் வேரும் குறுக்கே வந்தன. நகம் தேய்ந்தது. ஆனாலும் விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில், வளை வாசலிலேயே ஊற்று கண் திறந்தது.

சத்தம் கேட்டு அல்லி வெளியே வந்தது. அதன் பின்னால் குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"என்னடா சுருளி, இங்கயும் வந்து சும்மா தோண்டறியா?"

"இல்லக்கா! இது சும்மா இல்ல. உனக்காகத் தோண்டினேன்!"

அல்லி குட்டிகளுக்கு வழிவிட்டு விலகி நின்றது. குட்டிகள் சுருளி வெட்டிய சரிவில் இறங்கி வயிறு முட்டக் குடித்தன.

ஆசைக்காகச் செய்யும் காரியத்துக்குப் பொய்யாக ஒரு பெரிய பெயர் சூட்ட வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அதற்கு மதிப்பும் உண்டு, நன்றி சொல்ல ஆளும் உண்டு.