வாயில் வராத பெயர்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை நாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் புளியோதரையை வாயாரப் புகழ்வார். மத்தியானம் நெஞ்செரிச்சல் வந்தால் ஊரிலுள்ள புளியமரத்தையெல்லாம் வெட்டச் சொல்வார். அந்த உத்தரவுகளை மெல்ல ஆறப்போட்டு, மரத்தையும் ராஜாவின் மானத்தையும் காப்பாற்றுவது மந்திரி திருமேனியின் வேலை. அதனால் குடிகளுக்குத் திருமேனி மேல் பிரியம். அதைப் பார்த்து அவைப் பண்டிதர் வீரபத்திரருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ஆவுடையப்பன் என்ற வயதான குடியானவர் சபைக்கு வந்து கும்பிட்டார்.

"மகாராஜா, என் மகனும் மருமக பூரணியும் பஞ்சாயத்துல துரும்பைக் கிள்ளிப்போட்டுப் பிரிஞ்சுட்டாங்க. தப்பு என் மகன் மேலதான், அதை நான் மறைக்கல. பேரன் அவ தாய்வீட்டுல வளருறான். வளரட்டும். ஆனா நாங்க வாசல்ல போய் நின்னா கதவைச் சாத்திடுறாங்க. பேரன் முகத்தைப் பார்த்து ஒரு அறுப்புக் காலமே போயிடுச்சு. கிழவி ஏங்கி ஏங்கி, எழுந்து நடக்கத் தெம்பில்லாம கிடக்கா."

பண்டிதர் முந்திக்கொண்டார். "துரும்பு முறிந்தால் உறவு முறிந்தது, அரசே. இவர் மகன் அவளுக்குப் புருஷன் இல்லை என்றால், இவரும் மாமனார் இல்லை. அந்நிய வீட்டு வாசலில் இவருக்கு என்ன வேலை?"

"அதானே!" என்றார் ராஜா. அன்று அவருக்கு அது சரியென்று பட்டது.

திருமேனிக்குச் சுருக்கென்றது. கிழவரின் மடியில் ஒரு முடிச்சு இருந்ததை அவர் கவனித்திருந்தார். பேரனுக்கு வாங்கிய பனங்கற்கண்டு, கொடுக்க முடியாமல் திரும்பி வந்தது.

"பெரியவரே, பேரன் பெயர் என்ன?"

"என் பேருதாங்க. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிறது வழக்கமாச்சே."

திருமேனியின் முகம் தெளிந்தது. "அரசே, இந்த உறவு முறியவில்லை."

"அப்படியா?" பண்டிதர் சிரித்தார். "அது அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே வரட்டும். வராவிட்டால் மந்திரி தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தரட்டும்."

"தருகிறேன்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம். "நாளைக்கே!" என்று துள்ளினார்.

மறுநாள் பூரணி சபைக்கு வந்து ஆவுடையப்பனுக்கு எதிரே நின்றாள். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் பயம்தான் இருந்தது, பகை இல்லை. அதைப் பார்த்ததும் திருமேனிக்குப் பாதி நிம்மதி.

"அம்மா, உன்னை யாரும் வற்புறுத்தமாட்டார்கள். 'இவர் பெயர் இன்னது, என் மகன் பெயர் இன்னது, இவருக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை' என்று சபையறிய ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. அப்புறம் இவர் உன் தெருப்பக்கமே வரமாட்டார்."

"இவ்வளவுதானா?" மோதிரம் விரலில் ஏறிவிட்ட மாதிரியே பண்டிதர் பூரித்தார். "சொல்லம்மா, சொல்!"

பூரணி வாயைத் திறந்தாள். "இவரு பேரு..." அதோடு நின்றுவிட்டது. "இவரு வந்து..."

"மகன் பெயரையாவது முதலில் சொல்!" என்று பண்டிதர் அவசரப்பட்டார்.

"குஞ்சு."

"அது செல்லப்பெயர். வைத்த பெயர்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இவள் என்ன ஊமையா?" என்றார் ராஜா.

"இல்லை அரசே," என்றார் திருமேனி. "மாமனார் பெயரை மருமகள் சொல்வது மரியாதையில்லை என்று இவளுக்குத் தோன்றுகிறது. அந்தப் பெயரை வைத்திருப்பதால், பெற்ற பிள்ளையைக்கூட இவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்நியருக்கு யாராவது இப்படி மரியாதை கொடுப்பார்களா? முறிந்தது புருஷன் பெண்டாட்டி உறவு மட்டும்தான். பண்டிதர் இவள் வாயிலிருந்து பதில் கேட்டார். அந்த வாயில் பெயர் வராததுதான் பதில்."

ராஜாவின் குரல் தணிந்தது. "பின்னே ஏனம்மா கதவைச் சாத்தினாய்?"

"மாமா மேல எனக்கென்ன கோபம், மகாராஜா? அவரு பின்னாலயே அவரு மகன் வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாரோன்னு பயம்."

"அப்படி அவன் வந்தா, என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும் தாயி," என்றார் ஆவுடையப்பன்.

அன்று ராஜா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார், சபையே அசந்துபோனது. சந்தை நாள்தோறும் தாத்தாவும் பாட்டியும் பூரணி வீட்டில், அவள் கண்ணெதிரிலேயே, பேரனோடு இருக்கலாம். மகன் கூட வரக்கூடாது. வாசலில் அரண்மனைக் காவலன் நிற்பான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"பாட்டிக்கு நடக்கத் தெம்பில்லையாம். உம்முடைய பல்லக்கைக் கொடும். நீர் பக்கத்தில் நடந்து வாரும், காற்றோட்டமாக இருக்கும்."

பண்டிதரின் முகம் கத்தரிக்காய் வதங்கினாற்போல் சுருங்கிவிட்டது.

அடுத்த சந்தை நாள் பல்லக்கு பூரணி வீட்டு வாசலில் இறங்கியது. பண்டிதர் மூச்சிரைக்கச் சுவரில் சாய்ந்தார். பாட்டி "குஞ்சு, குஞ்சு" என்று உருகினாள். புருஷன் பெயரை அவள் மட்டும் சொல்லிவிடுவாளா என்ன? ஆவுடையப்பன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பையனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் ஒருவர்தான் உண்டு. கதவு சாத்தியிருந்த நாளெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லை.

"ஏலே, ஆவுடையப்பா!"

உள்ளேயிருந்து சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பூரணி கதவை அகலத் திறந்து வைத்தாள்.