எடை கூடிய விளக்கு

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. அடுத்த குளத்துக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். போய்ப் பார்த்தவர்கள் அது வெறும் குட்டை என்றார்கள்.

அந்தக் காட்டில் நரி மின்விளக்கு செய்து விற்றது. பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு இரவில் எரியும் விளக்கு அது. மூங்கில் குழாய்க்குள் இருக்கும் கம்பிகளை மரங்கொத்தி வெள்ளீயத்தை உருக்கி ஒட்டும்.

யானைகள் குளக்கரைக்கு நூறு விளக்குகள் கேட்டன. "விலையைப் பாதியாக்கு. முடியாதென்றால் குரங்கிடம் வாங்கிக்கொள்கிறோம்."

நரி மரங்கொத்தியிடம், "இனி வெள்ளீயம் வேண்டாம், ஈயத்தால் ஒட்டு. அதுதான் மலிவு" என்றது.

"ஈயம் நஞ்சு அண்ணா. ஆமையார் விடமாட்டார்."

ஆமை அந்தக் காட்டின் சோதனை அதிகாரி. விளக்கின் எடையில் ஈயம் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அது எழுதிய சட்டம். அந்த ஒரு வரியை எழுத அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

"ஒவ்வொரு விளக்கிலும் மூன்று கூழாங்கல் போடு" என்றது நரி.

"கல் எதற்கு?"

"விளக்கின் எடை கூடும். ஈயத்தின் பங்கு குறையும்."

"ஈயம் குறையாதே அண்ணா?"

"நீ ஒட்டுகிற வேலையைப் பார்."

ஆமை விளக்கை எடை போட்டது. "கனமாக இருக்கிறதே, நரியாரே."

"உறுதியான பொருள், ஆமையாரே. சட்டப்படி சரிதானே?"

"சட்டப்படி சரி" என்று ஆமை முத்திரை குத்தியது.

ஆடிக் காற்றில் விளக்குகள் குளத்தில் விழுந்தன. முன்பெல்லாம் விழுந்த விளக்குகள் மிதந்து கரை சேரும், எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். இவை கல்லின் கனத்தால் அடியில் போய்க் கிடந்தன. உள்ளிருந்த ஈயம் மெல்லத் தண்ணீரில் கலந்தது.

முதலில் மீன்கள் செத்தன. பிறகு மான்குட்டி ஒன்று கால் விளங்காமல் படுத்தது, எழவில்லை.

நரி குளத்தில் இறங்கியது. மூச்சை அடக்கி மூழ்கி, ஒவ்வொரு விளக்காக வெளியே எறிந்தது. ஏழாவது விளக்கோடு தலையை உயர்த்தியபோது அதன் குட்டி தாகத்தோடு கரைக்கு வந்திருந்தது.

"அப்பா, தண்ணீர்."

நரி பல்லைக் காட்டி உறுமி, தன் குட்டியைக் குளத்தை விட்டுத் துரத்தியது.

நீதி: கணக்கில் நஞ்சின் பங்கைக் குறைத்தவர், நஞ்சைக் குறைத்தவர் ஆகார்.