ஏரி கொண்ட ஊர்

வெகு காலத்துக்கு முன்னே தண்பொழில் நாட்டை வானமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான்; பாதி நேரம் விழித்துக்கொண்டு, பாதி நேரம் கனவு கண்டுகொண்டு.

ஒருநாள் கனவில் ஓர் ஏரி வந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாத ஏரி. விழித்ததும், "நம் நாட்டில் இப்படி ஒன்று உண்டா?" என்றான்.

அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் தலைவரான தத்தனார் முந்திக்கொண்டார். "உண்டு மன்னா! வடகோடியில் ஓர் ஊர். 'ஏரி கொண்ட ஊர்' என்றே எழுதியிருக்கிறது. தாமரை உண்டு, மீன் உண்டு, மதகும் உண்டு."

"ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவிடலாமே" என்றார் அமைச்சர் கொற்றங்குடியார்.

"என் ஓலை இருக்க ஆள் எதற்கு? அமைச்சருக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை இல்லை போலும்!" அமைச்சர் நாற்காலியின் மேல் தத்தனாருக்கு வெகுநாளாக ஒரு கண்.

அரசன் ஒரு படகை வண்டியில் ஏற்றச் சொல்லி அதிலேயே படுத்துக்கொண்டான். அமைச்சரும் தத்தனாரும் கூடவே கிளம்பினார்கள். மாடுகள் நடக்க நடக்கப் படகு அசைந்தது. தண்ணீரில் போவதாகவே அவனுக்குத் தோன்றியது. அசைவு நின்றபோது கண் திறந்தான். தொலைவில் வெள்ளியாய் ஏதோ மினுங்கியது. இறங்கி ஓடிப்போய்க் குனிந்து கையை விட்டான். காய்ந்த புல் குத்தியது. கானல்.

"என் ஏரி எங்கே?"

தத்தனார் அசரவில்லை. கூடிநின்ற ஊராரைக் காட்டினார். "ஓலை பொய் சொல்லாது மன்னா. ஏரியைத் தூர்த்து இவர்கள் வயலாக்கிவிட்டார்கள். ஊரையே காலி செய்யச் சொல்லுங்கள்."

"பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பட்டும்!" என்றான் அரசன்.

கைக்குழந்தையோடு மாடாத்தி என்பவள் முன்னே வந்தாள். "சாமி, கால் நனையத் தண்ணி இல்லாத ஊருங்க இது. ஏரிக்கு நாங்க எங்க போவோம்?"

அமைச்சர் குறுக்கிட்டார். "மன்னா, தண்டனை இருக்கட்டும். ஓலைகளை இவ்வளவு கவனமாகக் காத்தவருக்கு முதலில் பரிசு. ஒரு கோட்டை கொடுக்கலாமே?"

"கொடுத்தோம்!"

தத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. தாமே எழுத்தாணி எடுத்து, 'தத்தனாருக்கு ஒரு கோட்டை தருக' என்று கீறிக் கொடுத்தார். அமைச்சர் அதை வாங்கிப் படித்தார். பக்கத்துப் புளியமரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கி, தத்தனாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னய்யா இது?"

"புளியங்கொட்டை. ஓலைப்படி கொடுத்தாயிற்று."

"நான் எழுதியது கோட்டை!"

"எனக்குக் கொட்டை என்றுதான் படிக்க வருகிறது. குறிலைக் காட்டும் புள்ளியைக் குத்தினால் ஓலை கிழியும் என்று நாம் வைப்பதில்லை. எ, ஒ இரண்டிலும் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே உருவம். கோட்டைதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்?"

"எதை வைத்தா? மன்னர் சொன்னதைக் காதால் கேட்டேன். இங்கேதானே நின்றேன்!"

"அப்படியானால், இந்த ஊர் ஓலையை இங்கே நிற்பவர்களிடம் படித்துக் காட்டிக் கேட்டீரா?"

தத்தனார் பழைய ஓலையை எடுத்து, 'ஏரி கொண்ட ஊர்' என்று உரக்கப் படித்தார். மாடாத்தி மெல்லச் சொன்னாள்: "ஏரி கொண்ட ஊர் இல்லீங்க. எரி கொண்ட ஊர். எங்க பாட்டன் காலத்துல தீப்பிடிச்சு அத்தனையும் போச்சு. அதைத்தான் எழுதிட்டுப் போனாங்க."

"தாமரை? மதகு?" என்றான் அரசன்.

"ஏரி என்று படித்தவர் தாமரை சேர்த்திருப்பார். படியெடுத்த அடுத்தவர், ஏரி என்றால் மதகு வேண்டாமா என்று நினைத்திருப்பார்" என்றார் அமைச்சர்.

அரசன் கானலைத் திரும்பிப் பார்த்தான். கனவு கண்டவன் தான் ஒருவன் மட்டுமல்ல. தன் அரண்மனையே கண்டிருக்கிறது. அதற்காக இவர்களைத் துரத்த இருந்தோமே!

"ஊர் இங்கேயே இருக்கட்டும். கொற்றங்குடியாரே, அந்தக் கோட்டை உமக்கு. தத்தனாரே, கொட்டையை வைத்துக்கொள்ளும். இனி எந்த ஓலையும் அந்தந்த ஊரில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். ஊரார் ஆமென்ற பிறகே அரண்மனைக்குள் வரலாம். நாடு முழுக்க நீரே நடந்து போய்ப் படியும். இங்கிருந்தே தொடங்கும்."

தத்தனார் தலைகுனிந்து எழுத்தாணியை எடுத்தார். "என்னம்மா எழுதட்டும்?"

மாடாத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஊர் இருக்குன்னு எழுதுங்க. அதை யார் எப்படிப் படிச்சாலும் ஒண்ணுதான்."