பத்தாவது துளை

"எனக்கு மட்டும் ஏன் டீச்சர் உருகுது?" என்று கேட்டார் மயில்சாமி.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் டிரில்லிங் மிஷினில் நின்றவர். குத்தலாக அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ரோஸ்லினுக்கு இருபத்தாறு. புதிதாக வந்த லேசர் மிஷின் அவள் பொறுப்பில் இருந்தது.

பச்சைக்குழந்தைகளுக்குப் பால் செலுத்தும் பிளாஸ்டிக் குழாய். பக்கவாட்டில் லேசரால் பத்துத் துளைகள் போட வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தால் குழந்தையின் தொண்டையைக் கீறிவிடும்.

மதியத்துக்குள் ஒரு குழாயைச் சுத்தமாக முடித்தால் மயில்சாமிக்கு இந்த வேலை. இல்லையென்றால் கேட்டில் காவல்.

ஆறு குழாய்கள் பாழாகிவிட்டன.

"ஏண்ணா பெடலை மிதிச்சபடியே இருக்கீங்க?"

"துளை முடியற வரைக்கும் விடக் கூடாது. அப்படித்தான் எனக்குப் பழக்கம்."

அவள் தன் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆவி பறந்தது.

"விரலை வைங்க."

வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏன் எடுத்தீங்க?"

"சுட்டுச்சு."

"குழாய்க்கு அந்த வழியில்ல. நீங்கதான் காலை எடுக்கணும்."

மயில்சாமி புதுக் குழாயை மாட்டினார். மிதித்தார். பிளாஸ்டிக் ஆறட்டும் என்று காலை எடுத்தார். காத்திருந்தார். மறுபடி மிதித்தார்.

லென்ஸில் பார்த்தார். விளிம்பு வழுவழுவென்று இருந்தது.

ஒன்பது துளைகள் முடிந்தன. பத்தாவது பாதியில் இருக்கும்போது சூப்பர்வைசர் சிவசண்முகம் வந்து நின்றார்.

பதினோரு வருடத்துக்கு முன், மயில்சாமி எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, எல்லார் எதிரிலும் 'கைநாட்டு' என்று பெயர் வைத்தவர் அவர். மயில்சாமி தன் மகள் கல்யாணத்துக்கு ஃபேக்டரி முழுவதையும் அழைத்தார். சிவசண்முகத்தை மட்டும் அழைக்கவில்லை.

"என்ன கைநாட்டு, முடியலையா? கேட்டுல நாற்காலியைத் துடைச்சு வெச்சுட்டேன்."

மயில்சாமியின் தாடை இறுகியது. கால் பெடலில் அழுந்தியது.

துளையின் விளிம்பு உருகப்போவதுபோல் பளபளக்கத் தொடங்கியது.



கால் மேலே வந்தது.

மயில்சாமி காத்திருந்தார். மிதித்தார். எடுத்தார். காத்திருந்தார். மிதித்தார்.

சிவசண்முகம் லென்ஸை வாங்கிப் பத்துத் துளைகளையும் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தார். லென்ஸை வைத்துவிட்டுப் போனார்.

"அவரை மன்னிச்சுட்டீங்களாண்ணா?"

"இல்ல டீச்சர்," என்றார் மயில்சாமி, அடுத்த குழாயை மாட்டிக்கொண்டே. "காலை மட்டும்தான் எடுத்தேன்."