முதலில் வந்தவர்

"மூணு வருஷமா என் கம்பெனியில புதுசா ஒண்ணும் பொறக்கலீங்க, சாமி" என்றார் பம்பு கம்பெனி முதலாளி சென்னியப்பன்.

வற்றிய கிணற்றருகே, யாரோ கைவிட்ட மோட்டார் அறையில் குடியிருந்த குரு அவருக்கு மோர் ஊற்றினார்.

"யார் தடுத்தா?"

"யாரும் தடுக்கலீங்க. எதைச் செஞ்சாலும் இரட்டையைக் கேட்டுக்கிட்டுத்தான் செய்வோம்."

இரட்டை என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்த இன்னொரு தொழிற்சாலை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அங்கே ஒரு நகல்; ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று; முதலாளிக்கும் ஒன்று. படித்தவர்கள் டிஜிட்டல் ட்வின் என்றார்கள். இரண்டில் எது மூத்தது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

"புது யோசனை வந்தா முதல்ல அங்க ஓட்டிப் பார்ப்போம். அங்க தோத்தா இங்க தொடமாட்டோம். இதுவரைக்கும் நஷ்டமே இல்லீங்க."

"நல்லதுதானே?"

"சுகந்தின்னு ஒரு இன்ஜினியர் பொண்ணு. சேத்துத் தண்ணியையும் இறைக்கிற பம்பு ஒண்ணு செஞ்சிருக்கு. இரட்டை முடியாதுங்குது. இன்னைக்குள்ள நான் சரின்னு சொல்லலைன்னா அந்தப் பொண்ணு வேலையை விட்டுரும். அது போயிட்டா அப்புறம் யோசிக்க ஆளில்லை. நான் என்ன சொல்லட்டும்?"

"அதான் காலையிலயே சொன்னேனே."

"யார்கிட்டங்க?"

"உன்கிட்டத்தான்."

ஜன்னல் விளிம்பில் யாரோ பாதி குடித்து வைத்த இன்னொரு மோர் டம்ளர் இருந்தது.

"இதே சட்டை. இதே கேள்வி" என்றார் குரு.

சென்னியப்பன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். குருவிடம் வரலாமா என்பதையும் அவர் நேற்று இரட்டையில் ஓட்டிப் பார்த்திருந்தார்.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணோட பம்பை ஓட்டிப் பாருன்னேன்."

"அவன்?"

"ஓட்டினா என்ன ஆகும்னு கேட்டான். தெரியாதுன்னேன். தெரிஞ்சப்புறம் எந்திரிக்கிறேன்னு உக்காந்துட்டான்."

குரு உள்ளறையைக் காட்டினார்.

இருட்டில் ஒரு நாற்காலி. அதில் முதுகு காட்டி ஒருவர். பிடரியில் ஒரு தழும்பு.

சென்னியப்பனின் கை தன் பிடரிக்குப் போனது. உள்ளே இருந்தவரின் கை, ஒரு கணம் முன்னதாகவே போயிருந்தது.

போன் அடித்தது. சுகந்தி.

உள்ளேயும் அதே மணி அடித்தது. உள்ளே இருந்தவர் எடுக்கவில்லை.

சென்னியப்பன் விரலைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு குருவைப் பார்த்தார்.

"சரின்னு சொன்னா என்ன ஆகும், சாமி?"

இரண்டு மணியும் ஒன்றாக நின்றன.

குரு எழுந்து உள்ளே போய், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.