சாயங்காலமானால் குழறிய கட்டியக்காரர்

உடம்புக்கு முடியவில்லை என்று நீங்கள் சொல்ல, எதிரில் இருப்பவர் "சும்மா நடிக்காதே" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வராதா?

அப்படி ஒரு வீடே கோபத்தில் பற்றி எரிந்த கதை இது. வெகு காலத்துக்கு முன்பு கோடைமலை நாட்டை வீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பட்டப்பெயர் என்றால் உயிர். மழை பெய்தால் ஒரு பட்டம், மான் அடித்தால் ஒரு பட்டம் என்று சேர்த்துக்கொண்டே போனார். ராஜா கொலுவுக்கு வரும்போதெல்லாம் அத்தனையையும் உரக்கச் சொல்வது கட்டியக்காரர் பொன்னுரங்கத்தின் வேலை.

பொன்னுரங்கத்துக்கு வெண்கலக் குரல். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு வினோதம். காலைக் கொலுவில் கணீரென்று சொல்பவர், மாலைக் கொலுவில் பாதிப் பட்டத்திலேயே குழறினார். சத்தம் மூக்கு வழியாக வந்தது. கண் இமை வேறு தொங்கிப் போய், ராஜாவை ஏளனமாகப் பார்ப்பது போல் இருந்தது.

"என்னையா நக்கல் செய்கிறாய்?" என்று ராஜா குதித்தார். "வைத்தியரே, இவனுக்கு நோயா, கொழுப்பா? பார்த்துச் சொல்லும்!"

அரண்மனை வைத்தியர் மார்த்தாண்டனாருக்கு மந்திரி திருமேனியாரைக் கண்டால் ஆகாது. பொன்னுரங்கமோ மந்திரி சேர்த்துவிட்ட ஆள். விட்டுவிடுவாரா? தம் வழக்கப்படி விடியற்காலையில், வெறும் வயிற்றில் நாடி பிடித்தார். பேசச் சொன்னார். மணி அடித்தது போல் பேசினார் பொன்னுரங்கம்.

"நாடி சுத்தம், நாக்கு சுத்தம். எல்லாம் நடிப்பு, மன்னா. மந்திரியின் ஆட்களுக்கு அவ்வளவு துணிச்சல்!"

"நாளைக் காலை அந்த நாக்கை அறுத்துவிடுங்கள்!" என்றார் ராஜா.

பொன்னுரங்கத்தின் மனைவி செங்கமலம் தலையைக்கூட முடியாமல் மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நடிப்பாமே, நடிப்பு! காலையில சண்டை போட்டா என்னையே ஜெயிக்கிற மனுஷன், பொழுது சாய்ஞ்சா வாயைத் திறக்க முடியாமக் கிடக்கிறாரு. சோறு மெல்லும்போது தாடையைக் கையால தாங்கிக்கிறாரு. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. வீட்டுக்குள்ள யாரு பார்க்கன்னு நடிக்கணும்? சொல்லுங்க சாமி!"

திருமேனியார் வாசலுக்கு இறங்கி வந்தார். "இதை வைத்தியரிடம் சொன்னாயா அம்மா?"

"சொல்ல விட்டாத்தானே? பொம்பளை பேசாதேன்னு வாசலோட விரட்டிட்டாரு."

மறுநாள் காலை சபை கூடியது. கத்தியும் வந்தது. மந்திரி எழுந்தார்.

"மன்னா, இவன் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்கள். உச்சிப்பொழுது வரை தங்கள் பட்டங்களை நிறுத்தாமல், திரும்பத் திரும்பச் சொல்லட்டும். குழறாமல் சொன்னால் நாக்கும் பிழைக்கும், பொற்கிழியும் கிடைக்கும். குழறினால் அறுத்துவிடலாம்."

சபையின் ஓரத்தில் நின்ற செங்கமலம் பல்லைக் கடித்தாள். 'பாவி, நீயுமா?' என்று மந்திரியை முறைத்தாள்.

வைத்தியர் கடகடவென்று சிரித்தார். "பார்த்துக்கொண்டே இருங்கள், மன்னா! நாக்கு போய்விடும் என்றால் நடிப்பெல்லாம் பறந்துவிடும். கணீரென்று சொல்லி முடிப்பான்!"

"சபையோர் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் மந்திரி.

பொன்னுரங்கம் தொடங்கினார். முதல் சுற்றில் கோபுரம் அதிர்ந்தது. அடுத்ததும் நன்றாகவே போனது. போகப்போகக் குரல் மூக்குக்கு ஏறியது. இமை சரிந்தது. ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சொன்னார். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். அது மூக்கு வழியாகக் கொட்டியது.

மந்திரி வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"வைத்தியரே, கத்தி கண்ணெதிரே இருக்கிறது. நன்றாகச் சொன்னால் நாக்கு பிழைக்கும். இந்த நேரத்தில் எந்த மடையனாவது குழறுவது போல் நடிப்பானா?"

"நான்... காலையில் நாடி பார்த்தபோது..."

"நோய் என்ன, உமக்குக் கட்டியம் கூறிக்கொண்டு காலையில்தான் வருமா?" மந்திரி இரைந்துவிட்டார். அவ்வளவு கோபம். "உழைக்க உழைக்கத் தளரும் நோய் இது. ராத்திரி தூங்கி எழுந்தவனைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்றீரே!"

பொன்னுரங்கத்தை நிழலில் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக் கிடந்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் குரல் மெல்லத் திரும்பியது. ராஜா தலை குனிந்தார்.

"என் பட்டங்களில் ஒன்று போதும். அதையும் காலையில் மட்டும் சொல்லட்டும். மற்ற நேரம் ஓய்வு. மார்த்தாண்டனாரே, இந்த நோய்க்கு மருந்து தேடுவது இனி உம் பொறுப்பு. அதுவரை தினமும் மாலையில் இவர் வீட்டில் உட்கார்ந்து, இவர் சாப்பிடுவதைப் பாரும். திருமேனியாரே, இந்த முத்துமாலை உமக்கு. அம்மா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

செங்கமலம் ராஜாவைப் பார்க்கவில்லை. நேராக வைத்தியர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, குயவர் தெருவில ஒரு பொண்ணு திடீர் திடீர்னு விழுந்துடுறா, கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. நீங்க நடிப்புன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. அவ புருஷன் அவளைத் தூணில கட்டிப் போட்டிருக்கான். இன்னைக்கே போய் அவளை அவிழ்த்துவிடச் சொல்லுங்க. அப்புறம் அவ பக்கத்துல உட்கார்ந்து, அவ என்ன சொல்றான்னு முழுசாக் கேளுங்க."