தேன் கதையில் கரைந்த கண்ணிப் பாடம்

மூங்கில்காட்டுக் குளத்தங்கரையில் விலங்குகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர் கரடி வாத்தியார். நல்லவர். நிறையப் படித்தவர். ஆனால் இளமையில் தான் தேன் எடுக்கப் போன கதையை யாராவது கிளறிவிட்டால் போதும், உலகத்தையே மறந்துவிடுவார்.

இதை முதலில் கண்டுபிடித்தது சிங்காரன் என்ற குரங்கு.

அப்போது கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. கோடையில் ஓடைகள் வற்றிவிடும். விலங்குகள் எல்லாம் தண்ணீருக்கு இந்தக் குளத்துக்குத்தான் வரும். இது வேடர்களுக்கும் தெரியும். கரையோரம் கண்ணி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆகவே கோடைக்கு முன்பே கண்ணிப் பாடத்தை முடித்துவிட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை வாத்தியார் பாடத்தைத் தொடங்கினார்.

“பிள்ளைகளே! கண்ணி என்பது சுருக்குப் போட்ட கம்பி. மறுமுனையை ஏதாவது ஒரு மரத்தில் கட்டியிருப்பார்கள். காலில் சுருக்கு விழுந்ததும் நாம் பயந்துபோய் இழுப்போம். இழுக்க இழுக்க அது இறுகும்! இழுக்கவே கூடாது! செய்ய வேண்டியது என்னவென்றால்…”

“ஐயா! ஒரு சந்தேகம்!” என்று சிங்காரன் எழுந்தான்.

“பாடத்தில்தானே?”

“பாடத்தோடு ஒட்டியதுதான் ஐயா! கம்பி என்றீர்களே, அதனால் நினைவு வந்தது. தேன் எடுக்கப் போன இடத்தில் தேனீக்கள் துரத்தியதும் நீங்கள் கம்பி நீட்டிவிட்டீர்களாமே? உண்மையா ஐயா?”

வாத்தியாருக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது.

“யார் சொன்னது? நானா கம்பி நீட்டுவேன்? கேளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்!”

அவ்வளவுதான். வாத்தியார் மலை ஏறினார். பாறையில் தொங்கினார். இரண்டு கையாலும் தேனீக்களை விரட்டினார். கொட்டு வாங்கிய மூக்கை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து காட்டினார். கடைசி வரிசைக்கு அவர் மூக்கு வந்து சேர்வதற்குள் மரங்கொத்தி தட்டிப் பாடவேளை முடிந்துவிட்டது.

வகுப்பே சிங்காரனைக் கொண்டாடியது.

“ஒரு பாடவேளையை அப்படியே முழுங்கிவிட்டாயே!” என்று முயல் மல்லிகா குதித்துக் குதித்துச் சிரித்தாள்.

மறுநாள் முள்ளம்பன்றி கோமளா முதல் ஆளாக எழுந்தாள். “ஐயா, நேற்று ‘செய்ய வேண்டியது என்னவென்றால்’ என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். என்ன செய்ய வேண்டும்?”

“நல்ல கேள்வி!” என்று வாத்தியார் வாயைத் திறந்தார்.

“ஐயா! மொத்தம் எத்தனை தேனீ கொட்டின?” என்றான் சிங்காரன்.

அன்றைய பாடவேளையும் போனது. செவ்வாய்க்கிழமை நாற்பது தேனீக்கள்தான் கொட்டியிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் அவை நானூறாகிவிட்டன. கரடி விடுவதில் கரடியை மிஞ்ச முடியுமா?

இடைவேளையில் கோமளா சிங்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் நேரத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். என் நேரத்தை ஏன் எடுக்கிறாய்?”

“உனக்கென்ன கவலை? உடம்பெல்லாம் முள்! கண்ணி உன்னை என்ன செய்யும்?”

“கண்ணி முதுகிலா விழும்? என் காலும் உன் காலைப் போல மெத்தென்றுதான் இருக்கிறது!”

சிங்காரன் சிரித்துக்கொண்டே கிளைக்குத் தாவிவிட்டான். கோமளா நேரே வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். அவரோ, “எல்லாருக்கும் சேர்த்து வகுப்பிலேயே சொல்கிறேன் அம்மா, நாளைக்கு!” என்றார்.

அந்த நாளை வருவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. கோடையும் வந்துவிட்டது.

ஒரு காலை பள்ளிக்குப் போகும் வழியில் சிங்காரன் தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்கினான். பின்னங்காலை ஏதோ கவ்வியது. குனிந்து பார்த்தான். கம்பி! உடனே உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டு இழுத்தான்.

சத்தம் கேட்டு வகுப்பே ஓடிவந்தது.

“இழுக்காதே!” என்று கத்தினாள் கோமளா.

“இழுக்காமல் என்ன செய்வது?”

“அதைத்தான் நான் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!”

மல்லிகா கம்பியைக் கடித்துப் பார்த்தாள். பல் கூசியதுதான் மிச்சம்.

“ஏதாவது சொல்லேன், மல்லிகா! நீயும்தானே வகுப்பில் இருந்தாய்!” என்று கதறினான் சிங்காரன்.

மல்லிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்குத் தெரிந்ததெல்லாம் நானூறு தேனீ மட்டும்தான் சிங்காரா!”

தூரத்தில் வேட்டை நாய் குரைத்தது. மல்லிகா வாத்தியாரை அழைத்துவர ஓடினாள்.

வாத்தியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கம்பியைப் பார்த்தார். சிங்காரனைப் பார்த்தார். பழக்கம் எங்கே போகும்?

“அடடா! கம்பி என்றதும் எனக்கு என்ன நினைவு வருகிறது தெரியுமா? அன்றைக்கு மலை உச்சியில்…”

சிங்காரன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

“ஐயா! உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! கதை வேண்டாம் ஐயா! பாடம் நடத்துங்கள் ஐயா!”

வாத்தியார் திகைத்துப் போனார். அத்தனை வருடத்தில் எந்த மாணவனும் அவரிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. நாய் இப்போது மூங்கில் புதருக்குப் பக்கத்திலேயே குரைத்தது.

“கம்பி கட்டியிருக்கிற மரத்தை நோக்கிப் போ! கம்பி தொய்யட்டும்! தொய்ந்ததும் சுருக்கைப் பிடித்துத் தளர்த்து! கை உள்ளவர்கள் கையால், இல்லாதவர்கள் பல்லால்! காலை மெதுவாக உருவு!”

மூன்று வாரமாக முடியாத பாடம் மூன்று மூச்சில் முடிந்துவிட்டது. சிங்காரன் மரத்தருகே நகர்ந்தான். கம்பி தொய்ந்தது. சுருக்கைத் தளர்த்திக் காலை உருவினான். நாய் கரைக்கு வந்தபோது அங்கே வெறும் கம்பிதான் கிடந்தது.

அன்று வகுப்பில் வாத்தியார்தான் முதலில் பேசினார்.

“தப்பு சிங்காரனுடையது மட்டுமில்லை. அவன் கேட்டான். நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். கோமளா ஒருத்திதான் பாடத்தைக் கேட்டாள். அவளுக்கும் நாம் அதைக் கொடுக்கவில்லை.”

சிங்காரன் வீங்கிய காலோடு எழுந்து நின்றான். “கோமளா, உன் நேரத்தை எடுத்தது தப்புதான்” என்றான். பிறகு, “ஐயா, ஒரு சந்தேகம்” என்றான். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். “இரண்டு காலும் மாட்டிக்கொண்டால் எந்தக் காலை முதலில் எடுக்க வேண்டும்?”

அந்தப் பாடவேளை முழுவதும் அதற்கே போதவில்லை. நாரால் சுருக்குப் போட்டு, ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் கழன்று வந்தார்கள்.

பத்து நாள் கழித்து மல்லிகா வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். லேசாக நொண்டினாள்.

“ஏன் தாமதம்?” என்று கேட்டார் வாத்தியார்.

“குளத்தங்கரையில் கண்ணியில் மாட்டிக்கொண்டேன் ஐயா. கழற்றிவிட்டு வந்தேன்.”

“சரி, உட்கார்” என்றார் வாத்தியார்.

பாட நேரத்தை வீணாக்குகிறவர் தன் நேரத்தோடு உடனிருப்பவர்களின் நேரத்தையும் பறிக்கிறார். அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்பவருக்கோ தக்க சமயத்தில் கற்ற கல்வி கைகொடுக்கும்.